கவலையில்லாத நாட்கள்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு சிட்டு எழுதுவது.

நீயும் அத்தானும் பெண்கள் இருவரும் சௌக்கியமாக இருக்கிறீர்களா? உன் முழங்கால் வலி தேவலையா? இங்கே எனக்கும் அத்தைக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. அவர் சுரங்க வேலைக்குத் திரும்பிப் போய் ஒரு வாரம் ஆகிறது.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். போன் இருப்பது கூடத்தில், அத்தையின் கட்டிலுக்குத் தலைமாட்டில். நான் போனைக் கையில் எடுத்தாலே அத்தை ரேடியோச் சத்தத்தைக் குறைத்துவிடுவார். வைத்ததும் கூட்டிவிடுவார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, நாம் பேசுவது அந்தப் பாட்டுகளைவிட அவருக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் இப்போது நான் கேட்கப் போவதை அவர் காதில் போட முடியாது.

கல்யாணமாகி மூன்று வருஷம் முடிந்துவிட்டது அக்கா. இந்த மாதமும் இல்லை. அவருக்கு மாதத்தில் நாலே நாள் லீவு. மலையைக் குடைந்து ரயில் பாதை போடுகிற வேலை. ஓர் ஆள் குறைந்தாலும் மேஸ்திரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாராம். எந்த நாலு நாள் என்று இரண்டு வாரம் முன்பே எழுதிக் கொடுத்தாக வேண்டும். அதை நான்தான் சொல்ல வேண்டும். "நீ சொல்ற அன்னைக்கு நான் வர்றேன். எனக்கு என்ன தெரியும்? பாறையில எங்க வெடி வைக்கணும்னு கேளு, சொல்றேன்" என்கிறார்.

எங்கள் கண்ணாடிப் பட்டறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கிறவள், குளித்த மறுநாளே வரச் சொல் என்கிறாள். முன்னால் கடையில் பில் போடுகிறவள், கடைசி வாரம்தான் என்று அடித்துச் சொல்கிறாள். இருவருக்கும் மும்மூன்று பிள்ளைகள். யாரை நம்புவது? நீ இரண்டு பெற்றவள். மூன்றாவது வராமல் இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டவளும் நீதான். வரவழைக்கவும் தெரிந்து வராமல் தடுக்கவும் தெரிந்தவள் நம் குடும்பத்தில் வேறு யார்?

சிரிக்காமல் பதில் எழுது.

உன் கையால் ஒரு வரி வந்தால் நிம்மதி,
சிட்டு

ஜனவரி 18

சிட்டுக்குட்டிக்கு அக்காவின் அன்பு.

நாங்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். முழங்கால் இருந்த இடத்தில் இருக்கிறது, வலியும் அதை விட்டுப் பிரிய மனமில்லாமல் கூடவே இருக்கிறது. உன் அத்தைக்கு என் வணக்கம் சொல். மாப்பிள்ளை வேளைக்குச் சாப்பிடுகிறாரா?

சிரிக்காதே என்றாய். சிரித்துவிட்டேன். வெட்டும் மேஜையில் துணி விரித்திருந்தது, பக்கத்தில் இருந்தவள் என்ன என்னவென்று பிய்த்து எடுத்துவிட்டாள். எங்கள் தையல் கூடத்தில் அடுத்த வருஷத்துப் பள்ளிச் சீருடை இப்போதே மும்முரம். கண்ணை மூடினால் நீலக் கால்சட்டையாகத் தெரிகிறது.

இதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. நடு நாள்தான். ஆரம்பித்த நாளிலிருந்து எண்ணிக்கொண்டு வா. பதினாலாம் நாள் மாப்பிள்ளை வீட்டில் இருக்க வேண்டும். முன்னே பின்னே ஒரு நாள் கூடக் குறையப் போகலாம். மற்ற நாளெல்லாம் சும்மா. அதிலும் குளித்த கையோடு வருகிற வாரம் இருக்கிறதே, அது முழுக்கக் கவலையில்லாத நாட்கள். நானும் உன் அத்தானும் இந்தக் கணக்கில்தான் இத்தனை காலம் வண்டியை ஓட்டியிருக்கிறோம். ஒரு தடவைகூடத் தடம் புரண்டதில்லை.

உன் பக்கத்து இருக்கைக்காரி சொல்வதைக் கேட்டால் பேரன் பிறக்கிற வயசில்தான் உனக்குப் பிள்ளை பிறக்கும்.

மனசைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. இருபத்தேழு ஒரு வயசா? பெரியவள் கல்லூரி விடுதியிலிருந்து உன்னைக் கேட்டு எழுதியிருக்கிறாள். சின்னவள் பரீட்சை என்று சொல்லிக்கொண்டு தூங்குகிறாள். அத்தான் பள்ளி வேனுக்குப் புது இருக்கை போட்டிருக்கிறார், அதைப் பார்க்க வரச் சொல்கிறார்.

நல்ல சேதி எழுதுவாய் என்று காத்திருக்கும்,
அக்கா

மார்ச் 17

அக்காவுக்கு,

உடம்பு எல்லோருக்கும் சரியாக இருக்கிறதா? என்னைப் பற்றிக் கீழே எழுதுகிறேன், அதனால் இங்கே சௌக்கியம் என்று எழுத வரவில்லை.

நீ சொன்னபடியே செய்தேன். பிப்ரவரியில் பதினாலாம் நாள் அவர் வீட்டில் இருந்தார். அதற்கு முந்தின நாளும் அடுத்த இரண்டு நாளும் இருந்தார். அத்தை தன் கட்டிலைப் பின்கட்டுக்கு மாற்றிக்கொண்டார். கேட்டால் "கூடத்துல காத்து வரல" என்றார்.

அவர் போன பிறகு நான் நடந்த நடை உனக்குத் தெரியாது. படிக்கட்டில் ஒவ்வொரு காலாக வைத்தேன். தண்ணீர்க் குடத்தை அத்தை தூக்க விடவில்லை, நானும் தூக்கவில்லை. மாதம் முடிந்தது, வரவில்லை. எனக்கு எப்போதுமே ஒரு வாரம் தள்ளித்தான் வரும் என்று தெரியும். தெரிந்தும் மனசு கேட்கவில்லை. பில் போடுகிறவளிடம் மட்டும் சொன்னேன். அவள் பட்டறை முழுக்கச் சொல்லிவிட்டாள்.

முந்தாநாள் தேய்க்கும் மெஷின் முன்னால் நின்றிருந்தேன். ஒரு குழந்தையின் கண்ணாடிக்கான லென்ஸ். அடிவயிற்றில் அந்தப் பழைய இழுப்பு. தெரிந்துவிட்டது. மெஷினை நிறுத்தாமல் அந்த லென்ஸை முழுக்கத் தேய்த்து முடித்துவிட்டுத்தான் பின்பக்கம் போனேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. அதை முடிக்கிற வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது போல.

வீட்டுக்கு வந்ததும் அத்தை என் முகத்தைப் பார்த்தார். குடத்தை எடுத்துக்கொண்டு தானே தண்ணீருக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை.

எங்கே தப்பு நடந்தது அக்கா? அவருக்கா எனக்கா? யாரிடம் போய்க் காட்டுவது?

சிட்டு

மார்ச் 30

அன்புள்ள சிட்டுவுக்கு,

உன் உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே அனைவரும் சுகமே.

தப்பு உனக்கும் இல்லை, மாப்பிள்ளைக்கும் இல்லை. நான் சொன்னதுதான் தப்பு.

எங்கள் தையல் கூடத்தில் ஒருத்தியைப் பெண் டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டியிருந்தது. கூட உட்கார்ந்திருந்தபோது உன் விஷயத்தையும் கேட்டேன். அந்த அம்மாள் கொஞ்சம் கறார். "பதினாலாம் நாள்னு யார் சொன்னா? காலண்டர்ல போட்டிருக்குன்னு மழை பெய்யுமா?" என்று கேட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். நாளை முன்னாலிருந்து எண்ணக் கூடாதாம். அடுத்தது எப்போது வருமோ அதிலிருந்து இரண்டு வாரம் பின்னால் போக வேண்டுமாம். உனக்கு ஒரு வாரம் தள்ளி வருகிறதென்றால் கரு முட்டை வெளிவருவதும் ஒரு வாரம் தள்ளித்தான். மாப்பிள்ளை வந்துபோன பிறகுதான் உன் நாள் வந்திருக்கிறது.

முட்டைக்கு ஒரு நாள்தான் ஆயுசாம். ஆனால் ஆணுடையது உள்ளே போய் நாலைந்து நாள் காத்திருக்குமாம். அதனால் அந்த நாளுக்கு முன்னால் வருகிற நாட்கள்தான் முக்கியம், தாண்டிவிட்டால் இல்லை. கணக்கைவிட உடம்பு சொல்வதைக் கேள் என்றார். அந்தச் சமயத்தில் வெள்ளை படுவது முட்டையின் வெள்ளைக்கரு மாதிரித் தெளிவாக, வழவழவென்று இழுபடுமாம். எல்லாம் சரியாக அமைந்தாலும் ஒரு மாதத்தில் ஐந்து பேரில் ஒருத்திக்குத்தான் தங்குமாம். ஆகையால் ஒரு மாதம் தவறியதற்கு அழாதே. ஆனாலும் மூன்று வருஷம் என்றேன். இருவரும் ஒரு தடவை வந்து காட்டட்டும், பயப்படாமல் வரட்டும் என்றார்.

குளித்த கையோடு கவலையில்லை என்று எழுதினேனே, அதுவும் பொய். வயசு ஏற ஏறச் சிலருக்குச் சுற்று குறுகிவிடுமாம். அப்போது குளித்த நாலைந்து நாளிலேயே தங்கிவிடும். நான் அழைத்துப் போனவளுக்கு அப்படித்தான் ஆகியிருக்கிறது. நாற்பத்து மூன்று வயசு. கல்லூரி போகிற பெண் இருக்கிறாள். நின்று போகிற காலம் வந்துவிட்டதென்று நினைத்து மூன்று வாரம் சும்மா இருந்திருக்கிறாள்.

வேலை இருக்கிறது. நிறுத்துகிறேன்.

அக்கா

ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? உன் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன். இங்கே அத்தைக்கு லேசாக இருமல், மற்றபடி நன்றாக இருக்கிறோம்.

மூன்று வருஷமாகத் தப்பான நாளில் கதவைத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வருகிறது, அழுகையும் வருகிறது. அவருக்கு எழுதிவிட்டேன். மே முதல் வாரம் கடைசியில் என்று கணக்குப் போட்டிருக்கிறேன்.

அந்தத் தையல்காரப் பெண்ணைத்தான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன். தூக்கம் வரவில்லை. வேண்டாம் என்று இருக்கிறவளுக்கு வழி தவறி வந்து விழுகிறது. வா வா என்று வாசலில் நிற்கிறவளை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. என்ன நியாயம் இது? அவள் என்ன செய்யப் போகிறாளாம்? வெட்கப்பட்டுக்கொண்டு கலைத்துவிடுவாளோ? அப்படி ஏதாவது செய்தால் அவள் முகத்தில் நீ விழிக்காதே அக்கா. நானாக இருந்தால் ஒரே கூடத்தில் அவளோடு உட்கார்ந்து வேலை செய்ய மாட்டேன். எவ்வளவு திமிர் இருந்தால் கையில் கிடைத்ததைத் தூக்கி எறிய மனசு வரும்?

கோபத்தில் எழுதுகிறேன், எனக்கே தெரிகிறது. உன்னிடம் இல்லாமல் வேறு யாரிடம் கொட்டுவேன்?

பெரியவள் விடுமுறைக்கு வந்துவிட்டாளா? அவளுக்கு ஒரு கண்ணாடிச் சட்டம் எடுத்து வைத்திருக்கிறேன்.

உடனே பதில் போடு,
சிட்டு

மே 14

அக்காவுக்கு வணக்கம்.

போன மாதம் நான் போட்ட கடிதம் கிடைத்ததா இல்லையா? ஐந்து வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நீ இவ்வளவு நாள் சும்மா இருந்ததே இல்லை. வீட்டில் எல்லோரும் நலம்தானே?

இங்கே நடந்ததைக் கேள். அவருக்கு லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சுரங்கம் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரப் போகிற சமயமாம், யாரையும் விடவில்லை. எனக்கோ டாக்டர் சொன்ன அடையாளம் தெரிய ஆரம்பித்துவிட்டது. காலையில் அதைப் பார்த்துவிட்டுக் கை கால் ஓடவில்லை. இன்னொரு மாதத்தைக் கையைக் கட்டிக்கொண்டு போகவிடுவதா? நானே போய்விடுவது என்று முடிவு பண்ணினேன். அத்தையிடம் எப்படிச் சொல்வது என்றுதான் குழப்பம். "அவருக்குத் துணி கொடுத்துட்டு வரேன் அத்தை" என்றேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனார். இரண்டு தலையணையோடு வந்தார். "அங்க ஆம்பளைங்க தங்குற எடம். தலையணை இருக்காது" என்றார். அந்த இரண்டு தலையணையையும் மடியில் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் போனேன் அக்கா. நடத்துநர் அதற்கும் டிக்கெட் போடட்டுமா என்று கேட்டார்.

அங்கே தகரக் கொட்டகைகள். ஒவ்வொன்றிலும் எட்டுப் பேர். சமையல்காரர் அரிசி மூட்டை வைக்கிற அறையை ஒழித்துக் கொடுத்தார். "எலி வரும்மா. ஆனா மரியாதையான எலி" என்றார். வெடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மூட்டைகளிலிருந்து தூசி கொட்டியது. மூன்று நாள் இருந்தேன். மூன்று வருஷத்தில் நாங்கள் அவ்வளவு சிரித்ததில்லை.

இப்போது மறுபடியும் படிக்கட்டில் ஒவ்வொரு காலாக வைத்து நடக்கிறேன். பயமாக இருக்கிறது. உன்னோடு பேசினால் தேவலை என்று அத்தை அசந்த நேரத்தில் போன் பண்ணினேன். பெரியவள் எடுத்தாள். "அம்மா தூங்குறாங்க சித்தி" என்றாள். மணி பதினொன்று. நீ பகலில் படுத்து நான் பார்த்ததே இல்லையே.

என்னவென்று எழுது.

சிட்டு

மே 20

அன்புள்ள தங்கைக்கு,

நலம். அனைவரும் நலமாக இருக்கிறோம். உன் கடிதங்கள் இரண்டும் கிடைத்தன. வேலை அதிகமாக இருந்ததால் உடனே எழுத முடியவில்லை. சின்னவள் பரீட்சையில் தேறிவிட்டாள். அத்தான் நன்றாக இருக்கிறார். வெயில் அதிகம். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
அக்கா

மே 26

அக்கா,

உன் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன், பின்பக்கம் திருப்பியும் பார்த்தேன். அவ்வளவுதானா என்று.

பகல் பதினொரு மணிக்குப் படுத்துக் கிடக்கிறவளுக்கு என்ன வேலை அதிகம்? முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என்னை ஒரு கிண்டல் பண்ணவில்லை. தலையணைக் கதையை எழுதினேன், அதைப் படித்துவிட்டு உன்னால் சும்மா இருக்க முடியுமா? நாள் தள்ளிப்போயிருக்கிறதா என்றுகூட நீ கேட்கவில்லை. நீ கேட்காமல் இருக்க மாட்டாய். கேட்கப் பயந்திருக்கிறாய்.

மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். இன்று பட்டறையில் கையில் லென்ஸோடு நிற்கும்போது சட்டென்று உறைத்தது. நாற்பத்து மூன்று வயசு. கல்லூரி போகிற பெண். உன் தையல் கூடத்தில் உன் வயசில் யார் இருக்கிறார்கள்? எல்லோரும் சின்னப் பெண்கள் என்று நீதானே அலுத்துக்கொள்வாய்.

அந்தப் பெண் நீதானே அக்கா?

அத்தானைக் கேட்கப் போவதில்லை. பெரியவளையும் கேட்கமாட்டேன். நீயே சொல். சொல்லப் பிடிக்கவில்லையென்றால் சொல்ல மாட்டேன் என்றாவது ஒரு வரி எழுது. நலம் என்று மட்டும் இன்னொரு தடவை எழுதாதே.

சிட்டு

ஜூன் 1

சிட்டு,

நான்தான்.

இதை எழுதுவதற்கு முன்னால் இரண்டு காகிதம் கிழித்தாயிற்று. இது மூன்றாவது. எப்படி வருகிறதோ அப்படியே எழுதுகிறேன்.

டாக்டரிடம் நான் யாரையும் அழைத்துப் போகவில்லை. தனியாகத்தான் போனேன். நின்று போகிற சமயத்தில் தலை சுற்றும் என்று சொல்வார்களே, அதற்கு ஏதாவது மாத்திரை வாங்கலாமென்று. அந்த அம்மாள் சோதித்துவிட்டு, "அம்மா, இது தீட்டு நிக்கிறது இல்ல. ரெண்டாம் மாசம்" என்றார். நான் கணக்குச் சொன்னேன். குளித்த பிறகு நாலாம் நாள், பயமில்லாத நாள் என்றேன். உங்கள் சுற்று குறுகி எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டார். நான் கவனிக்கவே இல்லை. உனக்கு நாள் குறித்துக் கொடுத்தவள் நான்.

ஏதாவது பேச வேண்டுமே என்றுதான் உன் விஷயத்தைக் கேட்டேன். அவர் சொன்னதெல்லாம் காதில் தெளிவாக விழுந்தது. என்னைப் பற்றிச் சொன்னது எதுவும் விழவில்லை.

அத்தானிடம் சொன்னேன். "ஒடம்பு ஒன்னோடது. நீ என்ன சொல்றியோ அதான்" என்றார். பிறகு போய் வேனைக் கழுவினார். காலையில்தான் கழுவியிருந்தார்.

சின்னவள் பிறந்தபோது எனக்கு ரத்தம் நிற்காமல் போனதே, நீ வெளியே உட்கார்ந்திருந்தாய். இப்போது பிரஷர் வேறு. இன்னொன்று ஆபத்து என்று டாக்டர் சொன்னார். அதையே காரணமாகச் சொன்னால் யாரும் என்னை ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் உன்னிடம் அதை மட்டும் சொல்லித் தப்பிக்க மாட்டேன். எனக்கு இன்னொரு முறை முடியவில்லை சிட்டு. தூக்கி வளர்த்து, பள்ளிக்கு அனுப்பி, காய்ச்சலுக்குக் கண் விழித்து, மறுபடி முதலிலிருந்து.

பெற்று உன்னிடம் கொடுத்துவிடலாமா என்று நினைக்காமல் இல்லை. ஒரு பகல் முழுக்க அதையே நினைத்துக்கொண்டு துணி வெட்டினேன். ஒரு கட்டுத் துணியைக் கோணலாக வெட்டிவிட்டேன். கொடுத்துவிட்டுப் பெரியம்மா என்று கூப்பிடச் சொல்லிப் பக்கத்தில் நிற்க என்னால் ஆகாது. கொடுத்த பிறகு திருப்பிக் கேட்டுவிடுவேனோ என்ற பயமும் இருந்தது.

உன் கடிதம் வந்தபோது ஆஸ்பத்திரிக்கு நாள் குறித்தாகிவிட்டது. அவள் முகத்தில் விழிக்காதே என்று எழுதியிருந்தாய். படித்தேன். அதற்காக முடிவை மாற்றவில்லை. மறுநாள் போய்விட்டு வந்தேன். அத்தான் கூட வந்தார். மாற்றாததால்தான் உனக்குப் பதில் எழுதக் கை வரவில்லை. பிறகு ரத்தப்போக்கு கொஞ்சம் நீடித்தது, படுத்துவிட்டேன். பெரியவளுக்குத் தெரியும். என் தலையை அவள்தான் பின்னிவிட்டாள்.

இப்போது உடம்பு தேறிவிட்டது. ஆனால் பட்டறையில் உன் மெஷினுக்கு முன்னால் நீ நின்றதை எழுதியிருந்தாயே, அது நினைவுக்கு வந்துவிட்டால் அன்று முழுக்க வேலை ஓடுவதில்லை.

உனக்கு இந்த மாதம் என்ன ஆயிற்று? இப்போது கேட்கிறேன்.

அக்கா

ஜூன் 5

அக்காவுக்கு,

உடம்பு தேறியது என்று எழுதியிருக்கிறாய். ரத்தம் சரியாக நின்றுவிட்டதா? இரும்பு மாத்திரை கொடுத்தார்களா? ஒழுங்காகச் சாப்பிடு.

உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன், படித்ததும் கோபம்தான் வந்தது. உன் கடிதத்தை மடித்து ஜன்னலில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்து எடுக்கவில்லை. அத்தை மழை வருகிறதென்று அதை எடுத்து என் கையில் கொடுத்து, "ஒங்கக்காவுக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "என்ன ஒடம்பு?" என்று கேட்பார் என்று நின்றேன். "அப்ப போய்ப் பாத்துட்டு வா. எழுத்துல என்ன தெரியும்?" என்றார்.

அன்று சின்னவள் பிறந்தபோது ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. எனக்குப் பதினோரு வயசு. நர்ஸ் சிவப்பாக நனைந்த துணியை வாளியில் எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாள். நீ செத்துவிட்டாய் என்றே நினைத்தேன். அப்போது எனக்குக் குழந்தையைப் பற்றி நினைப்பே இல்லை. நீ மட்டும் வந்தால் போதும் என்றிருந்தது.

அவள் முகத்தில் விழிக்காதே என்று எழுதின கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. திரும்ப வாங்க முடியாது. நீ ஆஸ்பத்திரிக்குப் போகிறபோது அதை நெஞ்சில் வைத்துக்கொண்டா போனாய்?

இந்த மாதம் இல்லை அக்கா. நான் உன்னைக் கேட்டு எழுதினேனே, அதற்கு முதல் நாளே வந்துவிட்டது. அதனால்தான் அதில் எழுதவில்லை. நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. இருவரும் ஒன்றுதான்.

சுரங்கம் திறந்துவிட்டது. அவருக்கு ஒரு வாரம் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்திருக்கிறது, பதிமூன்றாம் தேதியிலிருந்து. எண்ணிப் பார்த்தால் சரியாக அந்த நாட்கள். இப்படி அமைந்ததே இல்லை. நேற்று அவர் போன் பண்ணினார். ரேடியோச் சத்தம் குறைந்தது. குறையட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அக்காவைப் பார்க்கப் போகிறேன், நீங்கள் வரும்போது வீட்டில் இருக்க மாட்டேன் என்றேன். "லீவ தள்ளி வைக்க மாட்டாங்க" என்றார். தெரியும் என்றேன். "சரி. நான் வந்து அம்மாவப் பாத்துக்கறேன். நீ போய் அக்காகூட இரு" என்றார். போனை வைத்த பிறகு அவர் குரலை நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அத்தை ரேடியோவைத் திரும்பக் கூட்டவில்லை.

அடுத்த மாதம் நாங்கள் இருவரும் டாக்டரிடம் காட்டிக்கொள்கிறோம். அது அப்புறம்.

பதிமூன்றாம் தேதி காலை பஸ். மாலைக்குள் வந்துவிடுவேன். அத்தானை நிலையத்துக்கு அனுப்ப வேண்டாம், வழி தெரியும்.

சிட்டு

ஜூன் 9

என் சிட்டுவுக்கு,

ரத்தம் நின்றுவிட்டது. மாத்திரை சாப்பிடுகிறேன். முழங்கால் வழக்கம்போலப் படுத்துகிறது.

இந்த மாதத்தை என்மேல் செலவழிக்காதே, வீட்டிலேயே இரு, மாப்பிள்ளை வரட்டும் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நல்ல அக்கா அப்படித்தான் எழுதுவாள். அத்தானும் அதைத்தான் எழுதச் சொன்னார். பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

எழுத முடியவில்லை. வா.

அக்கா